ரயிலடியில் வாடகை வீடு: கரிசல் மண்ணில் எத்தனை மாடி?

(கோவில்பட்டியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வீட்டுவசதி' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். அது பெரிய தலைப்பு. நான் அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொண்டேன். கோவில்பட்டி ரயிலடியிலிருந்தோ அண்ணா பேருந்து நிலையத்திலிருந்தோ நடக்கிற தூரத்தில், மாதச் சம்பளக்காரர் ஒருவர் மரியாதையாக வாடகைக்கு இருக்கக்கூடிய அடுக்குமாடி வீடு கட்ட முடியுமா? முடியுமென்றால் எத்தனை மாடி? முடியாதென்றால் குறுக்கே நிற்பது எது?

என் பதிலை ஒளித்துவைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வண்டி நிறுத்த இடம், அதற்கு மேல் ஐந்து மாடி. நம் ஊருக்கு அது போதும். பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்ற பேச்சு நமக்குத் தேவையில்லை. ஐந்து மாடிக்குக் குறுக்கே நிற்பது மண் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் தெருவின் அகலம்தான் முதல் தடை. வாடகைக்கென்று கட்ட ஆள் இல்லாதது இரண்டாவது.

முதலில், யாருக்கு வீடு? 2011 கணக்கெடுப்பில் இந்த நகராட்சியின் மக்கள்தொகை 95,057. பாண்டவர்மங்கலம், இனாம் மணியாச்சி, மந்தித்தோப்பு, நாலாட்டின்புதூர் என்று ஒட்டிக்கிடக்கிற ஊராட்சிகள் இதில் சேராது. அங்கே குடியிருப்பவர்களும் 'கோவில்பட்டியில் இருக்கேன்' என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ், நூற்பாலை, கடலைமிட்டாய்க் கடை, தனியார் ஆஸ்பத்திரி, பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரி, தாலுகா ஆபீஸ், கோட்டாட்சியர் அலுவலகம் என்று இத்தனைக்கும் ஆள் வருகிறது. மாற்றலாகி வந்த வாத்தியார், நர்ஸ், வங்கி ஊழியர், ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கிற ஒடிசாப் பையன், கடலையூர்ப் பக்கமிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற அக்கா. இவர்களில் பலருக்கு இந்த ஊரில் வீடு வாங்க வேண்டிய அவசியமே கிடையாது. மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ இருக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இவர்களுக்கு இப்போது கிடைப்பது என்ன? ஒன்று வளவு வீடு. ஒரே வாசல், உள்ளே வரிசையாக ஆறு, எட்டு வீடு, கடைசியில் பொதுக் கக்கூஸ், நடுவில் ஒரு அடிகுழாய். இல்லையென்றால் வீட்டுக்காரர் குடியிருக்கிற வீட்டின் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு போர்ஷன். மூன்றாவது ஒத்தி.

ஒத்தியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சென்னைக்காரர்களுக்கு 'லீஸ்' என்றால் விளங்கும். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. மூன்று வருஷம் கழித்துக் காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். வீட்டுக்காரருக்கு அது வட்டியில்லாத கடன். குடியிருப்பவருக்கு வாடகையில்லாத வீடு. பார்க்க நியாயமான ஏற்பாடு. சிக்கல் காலி செய்கிற நாளில்தான் வரும். "அடுத்த ஆள் ஒத்திக்கு வரட்டும் அண்ணாச்சி, அவுக குடுக்கிற பணத்த அப்படியே உங்க கையில தாரேன்" என்பார் வீட்டுக்காரர். அடுத்த ஆள் ஆவணியில் வருவார், ஐப்பசியில் வருவார். குடியிருப்பவர் பணத்துக்காகவே அந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருப்பார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பார், பணம் சுவரில் இருக்கும்.

இது நம் ஊர் விநோதம் என்று நினைக்காதீர்கள். தென்கொரியாவில் இதே ஏற்பாட்டுக்கு ஜோன்சே என்று பெயர். அங்கே லட்சக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் குடியிருக்கின்றன. 2022, 2023-இல் வீட்டு விலை இறங்கியதும் பல உரிமையாளர்களால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. ஒரே ஆள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒத்திப் பணத்தாலேயே வாங்கிப்போட்டிருந்த கதையெல்லாம் வெளியே வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 2023-இல் தனிச்சட்டமே போட்டார்கள். சியோலுக்கு நேர்ந்தது நமக்கு நேராது என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. நம் தொகை சிறியது, எழுத்து அதைவிடச் சிறியது. பாதி ஒத்திகள் இருபது ரூபாய்ப் பத்திரத்தோடு சரி.

வீடு கேட்டுப் போகிறபோது நடக்கிற இன்னொரு பேச்சும் உங்களுக்குத் தெரியும். "சார் எங்க வேல பாக்கீக? சொந்த ஊரு எது? அந்த ஊர்ல எந்தத் தெரு?" தெருவைக் கேட்டுப் பதில் கிடைக்கவில்லையென்றால் நேராகவே, "தப்பா நெனச்சுக்கிடாதீக, நீங்க என்ன ஆளுக?" என்று வந்துவிடும். பதிலுக்குப் பிறகு வீடு இருக்கும், அல்லது "நேத்துத்தான் ஒருத்தவுக அட்வான்ஸ் குடுத்துட்டாக" என்று இல்லாமல் போகும். ஐந்து இலக்கச் சம்பளமும் அரசாங்க வேலையும் இருந்தும் ஊருக்குள் வீடு கிடைக்காமல் தினமும் தூத்துக்குடியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்துபோகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். தனியாக இருக்கிற பெண், முஸ்லிம் குடும்பம், வடக்கே இருந்து வந்த தொழிலாளி, இவர்கள் கதையும் இதேதான். வாடகை வீட்டில் ஒரு பங்காவது பொதுவில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு மாடிக்கணக்கைவிட இதுதான் பெரிய காரணம். பொது வீட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்ப எண் தெருவைக் கேட்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. துணை ஆட்சியர் நிலையில் ஒரு வாடகை அதிகாரி இருக்கிறார். நம் ஊரில் எத்தனை வளவுக்காரர்களுக்கு இது தெரியும்? கைதூக்கச் சொன்னால் யாரும் தூக்க மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன். (சிரிப்பு)

சரி, கட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். விதி என்ன சொல்கிறது?

2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. சென்னைக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி, பஞ்சாயத்துக்கு ஒரு விதி என்றிருந்ததை ஒன்றாக்கினார்கள். அதில் 18.30 மீட்டர்தான் எல்லைக்கோடு. அறுபது அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சாதாரணக் கட்டடம். அதைத் தாண்டினால் உயரமான கட்டடம், விதிகளே வேறு.

அடுத்தது தளப்பரப்புக் குறியீடு. நம் கணக்கில் சொன்னால் எளிது. பத்து சென்ட் இடம் என்பது 4,356 சதுர அடி. குறியீடு 2 என்றால் எல்லா மாடியையும் சேர்த்து 8,712 சதுர அடி கட்டலாம். சாதாரணக் கட்டடத்துக்கு 2. உயரமான கட்டடத்துக்கு, 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் 3.25. பணம் கட்டிக் கூடுதலாகவும் வாங்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உயரமான கட்டடம் என்றால் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் இடம் விட வேண்டும். தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டுமல்லவா? 7 மீட்டர் என்பது 23 அடி. இரண்டு பக்கமும் சேர்த்தால் 46 அடி. நம் ஊரின் பழைய மனை இருபதுக்கு அறுபது. இருபதடி மனையில் நாற்பத்தாறு அடி விட்டுவிட்டு எங்கே கட்டுவது? பக்கத்து வீட்டுக்காரர் நிலத்திலும் விட்டாக வேண்டும்.

உயரமே வேண்டாம், அறுபது அடிக்குள் நிற்கலாம் என்றாலும் முழு 18.30 மீட்டருக்குப் போக 9 மீட்டர் சாலை கேட்கிறது விதி. முப்பதடி. செண்பகவல்லி அம்மன் கோவிலைச் சுற்றியும் ரயிலடிக்குப் பின்னாலும் உள்ள தெருக்களில் ஒரு டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். வாறுகால், வாசற்படி, டிரான்ஸ்ஃபார்மர், சைக்கிள் கடைக்காரர் வெளியே இழுத்துவிட்ட தகரம் எல்லாம் போக முப்பதடி முழுசாகக் கிடைக்கிற தெருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதன் விளைவை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் வினோதமாக வந்து விடிந்திருக்கிறது. ரயிலும் பஸ்ஸும் இருக்கிற இடத்தில் தெரு குறுகல், அதனால் மாடி ஏற முடியாது. நான்குவழிச் சாலை ஓரத்தில் தெரு அகலம், எத்தனை மாடி வேண்டுமானாலும் ஏறலாம், ஆனால் அங்கே ரயிலும் இல்லை பஸ்ஸும் இல்லை. நிலைய வாசலில் இரண்டு மாடி, பருத்திக்காட்டில் பன்னிரண்டு மாடி. விதியை அப்படியே விட்டுவிட்டால் கோவில்பட்டி வளரப்போகிற விதம் இது.

பைபாஸில் கூடுதல் பேருந்து நிலையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மதுரையிலிருந்து வருகிற பஸ் எங்கே இறக்கிவிடும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். "கோயில்பட்டி பைபாஸ் எல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் விசிலடித்துவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து ஆட்டோக்காரர் கேட்கிற காசு பஸ் டிக்கெட்டைத் தொட்டுவிடும். அந்தச் சாலை ஓரத்தில் பத்து மாடி வாடகை வீடு கட்டினால், அதில் இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் வண்டி வாங்கியே தீர வேண்டும். வாடகையில் மிச்சம் பிடித்தது பெட்ரோலில் போகும்.

2017-இல் மத்திய அரசு பொதுப் போக்குவரத்தைச் சார்ந்த வளர்ச்சிக்கு ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டருக்குள், பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில், நெருக்கமாகக் கட்டு, சின்ன வருமானக்காரருக்கும் இடம் வை என்பது அதன் சாரம். மெட்ரோ ஓடுகிற பெருநகரங்களை மனதில் வைத்து எழுதியது. ஆனால் அந்த 800 மீட்டர் நமக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. நம் ரயிலடியை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் பழைய ஊரில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். இரட்டைப் பாதை போட்டாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய சென்னை-நாகர்கோவில் வந்தே பாரத் நம் ஊரில் நின்று போகிறது. ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கிற அம்ரித் பாரத் திட்டப் பட்டியலில் நம் நிலையமும் இருக்கிறது. நிலையத்துக்கு மெருகு ஏறுகிறது. நிலையத்தைச் சுற்றி யார் குடியிருப்பது என்ற கேள்வியை மட்டும் எந்தத் துறையும் தன் கோப்பில் எழுதிக்கொள்ளவில்லை.

இந்தக் கேள்வியை விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைப் பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது, 2007-இல் வேளச்சேரி வந்தது. மயிலாப்பூர், மந்தைவெளி, திருவல்லிக்கேணி என்று ஊரின் நெஞ்சுப் பகுதியில் கோட்டை மாதிரி நிலையங்கள். உள்ளே போனால் தளம் தளமாகக் காலி இடம், வௌவால் வாசம். மேலே ரயில் ஓடுகிறது. அந்தக் கட்டடங்களிலோ அவற்றைச் சுற்றியோ வாடகைக்குக் குடிவைக்க வேண்டும் என்று கட்டியபோது யாரும் பொறுப்பெடுத்துக்கொள்ளவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் கூடுவாஞ்சேரிக்கும் திருவள்ளூருக்கும் போய்க் குடியிருந்தார்கள்.

உயரத்தை மட்டும் தாராளமாகக் கொடுத்தால் வாடகை வீடு தானாக வந்துவிடுமா? வராது. மும்பையில் 2008-இல் பெருநகர வளர்ச்சி ஆணையம் ஒரு வாடகை வீட்டுத் திட்டம் போட்டது. 160 சதுர அடி அறைகள் கட்டிக் கொடுக்கிற கட்டுமான நிறுவனத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 4 வரை தருவதாகச் சொன்னது. நிறுவனம் விற்பனைக் கோபுரத்தை ஒரு பக்கம் கட்டிக்கொள்ளலாம், மறுபக்கம் வாடகை அறைகளை அரசுக்குக் கொடுக்க வேண்டும். கோபுரங்கள் எழுந்தன. வாடகைத் திட்டம் சில வருஷங்களில் விற்பனை வீட்டுத் திட்டமாக உருமாறிப் போனது. 160 சதுர அடி என்றால் என்ன? பதினாறுக்குப் பத்து. நம் வளவு வீட்டைவிடச் சிறியது, இருபதாவது மாடியில். கூடுதல் மாடிக்கு அனுமதி கொடுத்த மறுநாளே அந்த நிலத்தின் விலை ஏறிவிடும். லாபம் நிலத்துக்காரர் மடியில் விழும், வாடகைக்காரர் மடியில் அல்ல. உயரச் சண்டை வெளிநாட்டிலும் உண்டு. கலிஃபோர்னியாவில் 2025 அக்டோபரில் ஒரு சட்டம் கையெழுத்தானது. பெரிய நகரங்களில் ரயில் நிலையத்துக்கு அரை மைலுக்குள் உள்ளூர் மண்டல விதி தடுத்தாலும் ஒன்பது மாடி வரை போகலாம் என்கிறது. நகர மன்றங்களும் குடியிருப்போர் சங்கங்களும் வருஷக்கணக்காக அதை எதிர்த்தன. அங்கே தனி வீட்டு வரிசைக்கு நடுவே மாடி வருவதே பெரிய சண்டை. நம் சண்டை வேறு. நமக்கு மாடி எழுந்தபிறகு அதில் யார் இருப்பார்கள் என்பதுதான் சண்டை.

வாடகைக்கென்றே உயரமாகக் கட்டிய ஓர் இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் நிறுவனம் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் திறந்துவைத்தார். 706.50 கோடி ரூபாய், 20 ஏக்கர், 13 அடுக்ககங்கள், ஒவ்வொன்றும் பத்து மாடி. 18,720 பெண்கள் தங்கலாம், ஓர் அறைக்கு 6 பேர். ஐபோன் பூட்டுகிற பாக்ஸ்கான் தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது சென்னை-பெங்களூரு சாலையில் உட்கார்ந்து மறித்தார்களே, அந்தப் பெண்களின் கோபத்துக்குக் கிடைத்த கட்டடம் இது என்றுதான் நான் சொல்வேன். நல்ல கட்டடம். இருந்தாலும் அது படுக்கைக் கணக்கு. வேலை போனால் படுக்கை போகும். கல்யாணம் ஆனால் படுக்கை போகும். ஆலை வாசலுக்குக் கம்பெனி பஸ் கூட்டிப்போய்க் கூட்டிவரும், ஊரோடு ஒட்டு இருக்காது.

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட் 4 அன்று வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்தாகிவிட்டது. தெற்கே இன்னும் ஆலை வரும். அதோடு 'விடுதி கட்டித் தருகிறோம்' என்ற பேச்சும் வரும். விடுதி வேறு, வீடு வேறு. அரசின் தோழி விடுதிகள் வேலைக்குப் போகிற பெண்களுக்கு நல்ல தொடக்கம். எனக்கு அதோடு அடுப்பு மூட்டுகிற வீடும் வேண்டும்.

இனி மண்ணுக்கு வருகிறேன். 'கரிசல் மண்ணில் மாடி நிக்குமாய்யா?' என்று கேட்காத ஆள் இல்லை.

கரிசலின் குணம் நம்மைவிட யாருக்குத் தெரியும்? சித்திரையில் கைமுழுக்க உள்ளே போகிற அளவு வெடிக்கும். ஐப்பசி மழைக்கு ஊதி மூடிக்கொள்ளும். மான்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம் தண்ணீரைக் குடித்து உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. மழைக்காலத்தில் கதவு அடைக்க மறுப்பதும் வெயில்காலத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் இறங்குவதும் அதனால்தான். அந்த விரிசலைச் சிமெண்டு வைத்துப் பூசுவீர்கள், அடுத்த மழைக்குப் பக்கத்தில் இன்னொன்று வரும். பழைய கொத்தனார்கள் இதைக் கண்டு பயப்படவில்லை. வானம் தோண்டும்போது கரிசலைத் தாண்டிச் சுக்காம்பாறை தட்டுகிற வரை விடமாட்டார்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே ஒரு தூண் அடித்தளத்தை வளர்த்தெடுத்தது. துளை போட்டு இறக்கி, அடியில் மட்டும் குடம் மாதிரி அகலப்படுத்திக் கான்கிரீட் ஊற்றுவார்கள். குடத்தின் அகலம் தண்டைப்போல் இரண்டரை மடங்கு. ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டர் இறக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு மேலுள்ள மண்தான் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறது.

பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: கரிசல் மண் அதிகமாகப் படுத்துவது லேசான கட்டடத்தைத்தான். ஒற்றை மாடி வீடு, காம்பவுண்டுச் சுவர், சிமெண்டு முற்றம், கக்கூஸ் தொட்டி, இவற்றைத் தூக்கிப்போடும். ஐந்து மாடியின் கனத்தை ஒழுங்கான தூண்களில் இறக்கினால் மண்ணின் உப்பலுக்கு அதை அசைக்கத் தெம்பு இருக்காது. ஐந்து மாடிக் கட்டடம் நிற்கும். அதைச் சுற்றிப் போகிற கழிவுநீர்க் குழாய்தான் முதலில் உடையும். உடைந்த இடத்தில் கசிந்து அங்கே மட்டும் மண் உப்பும், பிறகு அது தூணைத் தேடி வரும். ஆகவே நான் கட்டடப் பொறியாளரைக் கேட்பதைவிடக் குழாய் போடுகிறவரை அதிகம் கேட்பேன். மழைநீர்க் குழியைக்கூட அடித்தளத்தை ஒட்டித் தோண்டக் கூடாது. 'மழைநீரை நிலத்துக்குள் விடு' என்ற பொதுவிதி மணற்பாங்கான ஊருக்கு எழுதியது. கரிசலில் அது இறங்கவும் இறங்காது, சும்மாவும் இருக்காது. இங்கே மழைநீரைத் தொட்டியில் பிடித்துப் புழங்குவதுதான் புத்தி.

மண்ணைச் சோதிக்காமல் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு மௌலிவாக்கம் இருக்கிறது. 2014 ஜூன் 28, சென்னைப் புறநகரில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்க வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்து இறக்கினார்கள். அனுமதி இருந்தது, முத்திரை இருந்தது.

தண்ணீர்? நமக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி வருகிறது. குழாயில் என்றைக்கு வரும் என்று நாள் எண்ணிப் பழகிய ஊர் இது. நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். நூறு வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் நாளொன்றுக்கு 54,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் நாலரை லாரி. பத்து மாடியில் நானூறு வீடு கட்டினால் பதினெட்டு லாரி, தினமும். ஐந்து மாடி, அறுபது எழுபது வீடு என்று ஊருக்குள் பல இடங்களில் சிதறிப் போனால் இருக்கிற மேல்நிலைத் தொட்டிகளும் குழாய்களும் ஓரளவு தாங்கும். நான் பத்து மாடி வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். மின்தூக்கியும் மோட்டாரும் காவலும் வைத்தால் மாதப் பராமரிப்பே சின்னச் சம்பளக்காரரின் வாடகையைத் தொட்டுவிடும் என்பது மற்றொன்று.

'கோபுரத்துக்கு மேல வீடு கட்டலாமா?' என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தக் கூச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். மதுரையில் மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று அரசாணையே இருக்கிறது. அதை மீறிய கட்டடங்கள்மீது உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கும் நடந்தது. அப்படி ஒரு வளையம் நம் கோவிலைச் சுற்றியும் வேண்டுமென்றால் ஊர் பேசி வைத்துக்கொள்ளட்டும். ரயிலடிப் பக்கத்தை அதில் இழுக்க வேண்டாம்.

கடைசியாக, யார் கட்டுவது? இங்கேதான் எல்லா நல்ல எண்ணமும் முட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக் கடன் வட்டி ஏழு, எட்டு சதவீதம். வீட்டின் விலையில் வருஷ வாடகையாகக் கிடைப்பது இரண்டு, மூன்று சதவீதம். இந்தக் கணக்கில் எந்த வியாபாரியும் வாடகைக்கென்று கட்ட மாட்டார். விற்றுவிட்டுப் போவார். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாங்கிப்போட்டவர் வாடகைக்கு விடப் பயந்து பூட்டியவை அதில் ஏராளம். வட்டிக்கும் வாடகைக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு நிலத்தின் விலை ஒரு பெரிய காரணம். நிலம் பொதுவில் இருந்தால் கணக்கு மாறும். அரசு ஊழியர்களுக்கு வாடகைக் குடியிருப்பு கட்டி நடத்திய அனுபவம் 1961-இல் தொடங்கிய வீட்டுவசதி வாரியத்துக்கு உண்டு. நகராட்சி நிலம், ரயில்வே நிலம், பழைய அரசுக் கட்டடங்கள் நின்ற மனைகள் என்று நிலைய வட்டத்துக்குள் தேடினால் கிடைக்கும். நிலத்தை விற்காமல் நீண்ட குத்தகைக்கு விட்டு, வாடகைக்கு மட்டும் என்று பத்திரத்திலேயே கட்டிவைக்க வேண்டும். பிறகு விற்றுக்கொள்ளலாம் என்ற ஓட்டையை விட்டால் மும்பைதான்.

தனியார் மனைக்காரர்களுக்கு நான் கேட்பது வேறு. இருபதடி மனைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மனைகளை ஒன்றாக்கி, தெருவுக்காக ஆளுக்கு ஐந்தடி விட்டுக்கொடுத்தால், தெரு இன்னும் முப்பதடி ஆகாவிட்டாலும் ஐந்து மாடிக்கு அனுமதி கொடுங்கள். மறு பக்கமும் விடும்போது முப்பது ஆகிவிடும். நிலையத்துக்கு 500 மீட்டருக்குள் வாடகை வீடு என்று பதிவு செய்தால் கார் நிறுத்தத்தைக் கட்டாயமாக்காதீர்கள். ரயிலுக்கு நடந்து போகிற நர்ஸுக்குக் கார் ஷெட் எதற்கு? அந்த இடத்தில் இரண்டு வீடு வரும். இதற்கெல்லாம் விதியில் சில வரிகள் மாற வேண்டும், அந்த வரிகள் சென்னையில் இருக்கின்றன. ஆனால் எந்தத் தெரு குடியிருப்பு மண்டலம், எது வணிகம், எந்தக் காடு விவசாயமாகவே இருக்க வேண்டும் என்பது ஊரின் முழுமைத் திட்டத்தில் எழுதுகிற விஷயம். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அறிவிப்பு எங்கோ ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும். அதைப் பார்த்து ஓடிப்போய் மனு கொடுப்பவர்கள் யார் தெரியுமா? பைபாஸில் காடு வாங்கிப்போட்டு, கலர் கொடி நட்டு வைத்திருப்பவர்கள். அவர்கள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. வளவு வீட்டில் இருக்கிற ஒருவர்கூடப் போவதில்லை.

அடுத்த தடவை அந்த அறிவிப்பு வரும்போது நகராட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனுவை இப்போதே எழுதி வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் போதும். நிலையத்தைச் சுற்றி 800 மீட்டரை வாடகை வீட்டுப் பகுதியாகக் குறியுங்கள், ஐந்து மாடி வரை விடுங்கள், தெருவுக்கு இடம் கொடுப்பவருக்குச் சலுகை கொடுங்கள், பொது நிலத்தில் ஓர் அடியையும் விற்காதீர்கள். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். அதற்கு முன்னால் கேள்விகள் இருந்தால் கேட்கலாம். ஒத்திக்கு வீடு கொடுத்திருக்கிறவர்கள் முதலில் ஆரம்பியுங்கள், உங்களுக்குத்தான் என்மேல் கோபம் அதிகம் இருக்கும்.